முத்தழகின் வலது கால்

முத்தழகு பிறக்கும்போது தலை வரவில்லை, கால்தான் வந்தது. அதிலும் வலது கால் முதலில். பிரசவம் பார்த்த கிழவி வெளியே வந்து, "கால் மாறிப் பொறந்திருக்கு. சுளுக்கு எடுக்க ஊருக்கு ஒரு ஆளாச்சு" என்று அறிவித்துவிட்டு, அதற்கப்புறம்தான் பிள்ளை பெண் என்றே சொன்னாளாம். உள்ளே பெற்றவள் செத்துப் பிழைத்துக் கிடந்தாள். அவளைப் பற்றி யார் கேட்டார்கள்?

காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது காரைக்குடிச் சீமையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூர்க்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். இடுப்புப் பிடித்துக்கொண்டு குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் நிற்கும்போது அவருக்கும் சிரிப்பு வராது. வைத்தியம் என்னவோ சின்னதுதான். விடிந்ததும் வெறும் வயிற்றோடு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், விளக்கெண்ணெய் தொட்டு, வலி கண்ட இடத்தை வெறும் பாதத்தால் மேலிருந்து கீழாக நீவ வேண்டும். கடைசியில் ஓர் அழுத்து. இப்படி மூன்று நாள் காலையில். நடுவில் விட்டால் பலிக்காது.

நெற்குப்பை என்கிற ஊரில் முத்தழகு இப்படித்தான் வளர்ந்தாள். அவளுக்குப் பேர் இருந்ததே பாதிப் பேருக்கு மறந்துபோயிற்று. "காலு இருக்காளா?" என்றுதான் வாசலில் வந்து கேட்பார்கள். நாச்சியாபுரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒச்சம்மாள் தன் மகன் மலையாண்டிக்குப் பெண் பார்க்க வந்தபோது, பெண்ணின் முகத்தை ஒரு பார்வைதான் பார்த்தாள். அப்புறம் குனிந்து, சேலைக் கரையைத் தூக்கி, வலது பாதத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தையில் மாட்டுக்குக் குளம்பு பார்ப்பது மாதிரி.

"பொண்ணு கறுப்புத்தேன். போகுது, கால் இருக்குல்ல" என்று வெற்றிலை மாற்றிவிட்டுப் போனாள்.

ஒச்சம்மாள் கணக்குத் தப்பவில்லை. மருமகள் வந்த பிறகு அந்த வீட்டு வாசலில் விடியற்காலையில் யாராவது ஒருத்தர் முனகிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வழக்கமாயிற்று. வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக்கூடாது என்பதால் கடலை வரும், வரகு வரும், பூசணிக்காய் வரும். எல்லாம் நேரே ஒச்சம்மாளின் தானியக் குலுக்கைக்குப் போகும். முத்தழகு மிதித்து முடித்த கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்கு ஓட வேண்டும், சாணி அள்ள வேண்டும், வயலுக்குப் போக வேண்டும். அவள் காலுக்குத்தான் மரியாதை. காலுக்கு மேலே இருந்தவளுக்கு ஒரு மரியாதையும் கிடையாது.

காரைக்குடியில் பெரிய வீட்டு விசாலம் ஆச்சிக்கு இரண்டு முழங்காலும் வலி. மாதத்துக்கு ஒருமுறை முந்தின நாளே வில்வண்டி அனுப்பி முத்தழகைக் கூப்பிட்டு, மூன்று நாள் காலையும் முடிகிறவரை கொல்லைக் கொட்டகையில் தங்கவைத்துக்கொள்வார்கள். முன்வாசல் தேக்குக் கதவு அவளுக்குத் திறந்ததில்லை. கொல்லைப் பக்கமாக வந்து, வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் பத்தமடைப் பாயில் படுத்திருக்கும் ஆச்சியை மிதித்துவிட்டு, கொல்லைப் பக்கமாகவே போக வேண்டும். அவள் பாதம் ஆச்சியின் உடம்பில் படலாம். அவள் வாய் பட்ட டம்ளரை மட்டும் தனியாகக் கொல்லையில் கவிழ்த்து வைப்பார்கள். நல்லா இருக்கிறதே நியாயம்!

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான், அறுபத்தாறாம் வருஷம் பங்குனியில், அந்தக் கால் புரண்டது.

ஊருணியில் தண்ணீர் அடிக்குப் போயிருந்தது. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். பாசி பிடித்த கீழ்ப்படியில் வலது கால் உட்பக்கமாக மடங்கியது. உள்ளே ஏதோ 'பொடக்' என்றது அவள் காதுக்கே கேட்டது. விழுந்தவள் எழுந்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது, மறுபடி உட்கார்ந்தாள். எப்படியோ நொண்டி வீடு வந்து சேர்ந்தபோது ஒச்சம்மாள் முதலில் பார்த்தது பித்தளைக் குடத்தின் நசுங்கலைத்தான். பிறகுதான் காலைப் பார்த்தாள். அதற்குள் கணுக்கால் எது குதிகால் எது என்று தெரியாதபடி வீங்கிக் கறுத்திருந்தது.

கிழவியின் முகம் வெளுத்துவிட்டது. பாசத்தில் என்று நினைத்துவிடாதீர்கள்.

"அடி பாவி மகளே, குடியக் கெடுத்தியே! ஊருக்குச் சுளுக்கு எடுக்கிறவளுக்கே சுளுக்குன்னா எவன்டி நம்ம வாசலுக்கு வருவான்? வெளியில மூச்சு விடாத. நொண்டாம நட."

"முடியலையே அயித்தை. ஊனவே முடியலை. சிங்கம்புணரிப் பக்கம் காலால பொறந்த ஆம்பள ஒருத்தர் இருக்காராம்..."

"அங்குட்டுப் போயி அவன் கால்ல விழுந்தா ஊரு சிரிக்காதா? உனக்கு இருக்கிறதே அந்த ஒரு காலுதேன். அதுவும் நொண்டின்னு பேராச்சுன்னா புள்ளையை இங்க விட்டுட்டு நீ நெற்குப்பைக்கு நடையக் கட்ட வேண்டியதுதேன். எம் மகனுக்குப் பொண்ணா கெடைக்காது?"

இது வெறும் வாய்ச்சவடால் இல்லை என்று முத்தழகுக்குத் தெரியும். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் பெண்டாட்டி ஒரு வேளைக் கஞ்சிக்கு மேல் ஊற்ற மாட்டாள். மகள் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தாள். பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போவது? பல்லைக் கடித்துக்கொண்டு அவள் நொண்டாமல் நடந்தாள். நொண்டாமல் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அது என்ன வேதனை என்று தெரியும்.

வீக்கம் வடிவதற்குள் காரைக்குடியிலிருந்து வில்வண்டி வந்துவிட்டது. போகாமல் முடியுமா? போனாள்.

அன்றைக்கு ஆச்சி வீட்டில் ஆச்சியின் தம்பி நாச்சியப்பன் வந்திருந்தார். மெட்ராஸில் டாக்டர். விடிந்ததும் முகம் கழுவ இரண்டாம் கட்டுக்கு வந்தவர், ஆச்சியின் முழங்காலுக்கு நேரே உயர்ந்து நின்ற அந்தக் கறுத்த பாதத்தைப் பார்த்துவிட்டார்.

"நில்லு, நில்லு! இந்தக் காலோடயா மிதிக்கப் போறே? உட்காரு."

முத்தழகு பேசக்கூடாதே, திருதிருவென்று விழித்தாள். அவர் அவளைத் தூணோரம் உட்கார வைத்து, பாதத்தைக் கையில் எடுத்தார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் காலைக் கையில் எடுத்தவர்கள் உண்டு, விலை பார்ப்பதற்காக. வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே எடுத்தவர் இவர் ஒருத்தர்தான். விரலை ஆட்டச் சொன்னார். கணுக்கால் எலும்பை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

"எலும்பு உடைஞ்ச மாதிரித் தெரியலை. எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கிற நார் அறுந்திருக்கு. அது தானாக் கூடிரும். கூடுற வரைக்கும் நீ அது மேல நிக்கக் கூடாது. வீக்கம் இருக்கையில எண்ணெய் போட்டு உருவக் கூடாது, உள்ளே இன்னும் ரத்தம் கட்டும். ஈரத்துணி போடு. கட்டுக் கட்டிக் காலைத் தலைகாணி மேல தூக்கி வச்சுப் படு. மூணு வாரம் போகட்டும். அப்பறம் மெல்ல மெல்ல ஆட்டிப் பழக்கணும்."

முத்தழகுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. "படுக்கவாய்யா? புள்ளை பெத்ததுக்கே நான் அத்தனை நாள் படுக்கலையே."

"படுக்கலேன்னா நார் தொளதொளன்னு கூடும். நடக்க நடக்கப் புரளும். புரளப் புரள உள்ள மூட்டு தேஞ்சு போகும். அப்பறம் ஆயுசுக்கும் வலிதான்."

அவள் தன் வீங்கிய காலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "வீங்கின காலோட எங்கிட்ட வாராகளே, அவுகளை நான் மிதிக்கிறேனேய்யா?"

"சதைப் பிடிப்புன்னா நீவி விட்டா இதமா இருக்கும். வீங்கின காலை மிதிக்காதே தாயி. உள்ள உடைஞ்சிருந்தா என்ன பண்ணுவே?"

அவளுக்குப் பனையிலிருந்து விழுந்த தங்கச்சாமி நினைவுக்கு வந்தான். பானை மாதிரி வீங்கிய காலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாள் காலையில் மிதித்தாள். அவன் கத்திய கத்தலுக்கு, "எறங்குது, எறங்குது" என்று நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவன் இன்றைக்கும் கம்பை ஊன்றித்தான் நடக்கிறான். எதிரே பார்த்தால் இவளைக் கும்பிடுகிறான். அந்தக் கும்பிடு இப்போது அவளைச் சுட்டது. அவள் அழுதுவிட்டாள். டாக்டர் அதைக் கால் வலி என்று நினைத்து, பெட்டியைத் திறந்து, இழுபடும் துணிக் கட்டு ஒன்றை எடுத்துப் பாதத்திலிருந்து கணுக்காலுக்கு மேல் வரை தாமே பக்குவமாகக் கட்டிவிட்டார்.

"ஆச்சி, உங்க முழங்கால் தேஞ்ச கால். யார் மிதிச்சாலும் ஆகப் போறதில்லை. உடம்பைக் குறைச்சு, தினம் எந்திரிச்சு நடங்க" என்று அக்காளிடம் சொல்லிவிட்டுப் பலகாரம் சாப்பிட முன்கட்டுக்குப் போனார்.

விசாலம் ஆச்சி, தம்பியின் காலடிச் சத்தம் தேயும் வரை காத்திருந்தாள். நல்ல மனுஷிதான், கோயிலுக்கு விளக்கெல்லாம் போட்டிருக்கிறாள்.

"அவன் கெடக்கான், படிச்சுப்பிட்டா எல்லாம் தெரிஞ்சுருமாக்கும். வண்டி அனுப்பிக் கூட்டியாந்தது உனக்குக் கட்டுப் போடவா? கட்டை அவுத்துட்டு மிதிடி. துணியோட மிதிச்சாப் பலிக்காது."

"பேசிப்பிட்டேனே ஆச்சி. பேசினா..."

"இன்னிக்கு ஒரு நாளைக்கு அது பரவாயில்லை."

விதியெல்லாம் யாருக்காக வளையும் என்று அன்றைக்குத் தெரிந்தது. முத்தழகு குனிந்து, அவர் அத்தனை பக்குவமாகச் சுற்றியதைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஆச்சியின் முழங்காலில் பாதத்தை வைத்து அழுத்தினாள். கண்ணில் பொறி பறந்தது. "இன்னுங் கொஞ்சம் அமுக்கு, சோறு திங்கலையா நீ?" என்றாள் ஆச்சி.

வண்டிக்காரன் வாய் சும்மா இருக்குமா? மூன்று நாளும் முடிந்து ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தும்போதே, 'காலுக்கு டாக்டர் கட்டுப் போட்டார்' என்று யாரிடமோ சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் வாசலில் ஒருத்தரும் இல்லை. ஊருணியில் பெண்கள் இவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒச்சம்மாள் வீட்டுக்குள் அங்குட்டும் இங்குட்டும் நடந்தாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள்.

"மாரியம்மன் பொங்கல் வருதுல்ல? இவ மொளப்பாரி தூக்குறா. அந்திக்கு அந்தி கும்மியும் போடுறா. ஊரே கண்ணால பாக்கட்டும், எம் மருமக கால் எப்பிடியிருக்குன்னு."

முளைப்பாரிக் கும்மி என்றால் தெரியுமல்லவா? நட்டநடுவில் பயறு முளைக்கவிட்ட பானையை வைத்துவிட்டு, குனிந்து நிமிர்ந்து கை தட்டி, ஒற்றைக் காலில் குதித்துத் திரும்பிச் சுற்ற வேண்டும். நல்ல காலுக்கே மறுநாள் கடுக்கும்.

முத்தழகு மாட்டுக் கொட்டத்தில் புருஷனைப் பிடித்தாள். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சேலையைத் தூக்கிக் காலைக் காட்டினாள். மலையாண்டி குனிந்து பார்த்தான். தொட்டும் பார்த்தான்.

"ஐயோ, என்ன புள்ள இப்பிடி இருக்கு!" என்றான். மனசாரத்தான் சொன்னான்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா அயித்தை கேப்பாக. எனக்கு வேற யாரு இருக்கா? இந்தக் கால் போச்சுன்னா நான் போச்சு."

"இந்தா, இப்பவே ஆத்தாகிட்டச் சொல்றேன்" என்று போனான். உள்ளே ஒச்சம்மாள் குரல் மட்டும் கேட்டது. திரும்பி வந்தவன் மாட்டைத் தடவிக்கொண்டே, "பொங்கல் முடியட்டும்ங்கிறாக புள்ள. முடிஞ்சதும் நீ படுத்துக்க. நானே ஊருணிக்குப் போய்த் தண்ணி எடுத்தாரேன்" என்றான். அடிக்கிற புருஷனையாவது திட்டித் தீர்க்கலாம். இந்த மாதிரி ஆளை என்ன செய்வது?

கும்மி போட்டாள். முதல் அந்தியிலேயே வலது கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டுப் பொன்னுத்தாயியின் தோளைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டு, விளையாட்டுக்குத் தள்ளியது போலச் சிரித்தாள். சிரிக்கச் சொல்லியிருந்தாள் மாமியார். வட்டத்துக்கு வெளியே ஒச்சம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, மருமகளின் முகத்தைப் பார்க்காமல், ஊர்க்காரர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொங்கல் முடிகிறவரை ஒவ்வோர் அந்தியும் அந்தக் கால் உள்ளே ஒவ்வொரு இழையாக விட்டுக்கொண்டே போனது. கடைசி நாள் தலையில் முளைப்பாரியோடு கண்மாய்க்கரை வரை நடந்தாள். கரைத்துவிட்டு வந்து விழுந்தவள், வீட்டு வாசல்படியைத் தவழ்ந்துதான் தாண்டினாள்.

"பாத்தியாடி, ஒண்ணும் ஆகலை" என்றாள் ஒச்சம்மாள்.

வாசலில் ஆள் கூட்டம் மறுபடி வந்தது. கொஞ்ச காலத்துக்குத்தான்.

அப்புறம் நடந்ததெல்லாம் அந்த டாக்டர் சொன்ன வரிசையிலேயே நடந்தது. வரப்பில் புரண்டது, சமதரையில் புரண்டது, ஒருநாள் கோழியை விரட்டத் திரும்பியபோது புரண்டது. மழைக்காலத்தில் கணுக்காலுக்குள் யாரோ உட்கார்ந்து ரம்பம் போடுகிற மாதிரி இருக்கும். காலையில் எழுந்ததும் கொஞ்ச தூரம் சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். எழுபதாம் வருஷம் பிறக்கும் முன்பே கணுக்கால் தடித்து, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து, நொண்டல் ஊரறிய நிலைத்துவிட்டது. விசாலம் ஆச்சி வண்டி அனுப்புவதை நிறுத்தினாள். வாசல் காலியாயிற்று, குலுக்கையும் காலியாயிற்று. ஒச்சம்மாளுக்கு மருமகளின் பேர் 'நொண்டி' ஆயிற்று. "நொண்டி, கஞ்சி ஊத்து." "நொண்டி, மாட்டைப் பிடி." நெற்குப்பைக்கு விரட்டவில்லை என்கிறீர்களா? நொண்டினாலும் இரண்டு ஆள் வேலை செய்கிறவளை எவள் விரட்டுவாள்?

மலையாண்டி தண்ணீர் எடுத்தானா என்று கேட்காதீர்கள். எடுத்தான், இரண்டு நாள்.

எழுபத்து நாலில் ஒரு காலையில், மாட்டுக் கொட்டத்துச் சாணியில் ஒச்சம்மாள் வழுக்கினாள். இடது கால் உட்பக்கமாக மடங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அலறல் கேட்டு ஓடிவந்த மலையாண்டிதான் தூக்கிவந்து நடுவீட்டில் கிடத்தினான். முத்தழகு பார்த்தாள். கணுக்கால் வீங்கிக்கொண்டே வந்தது, பார்க்கப் பார்க்கக் கறுத்தது. அதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"மிதிடி" என்றாள் ஒச்சம்மாள்.

"என் கால்தேன் நொண்டியாப் போச்சே அயித்தை."

"கால் நொண்டினா என்னடி, பொறப்பு மாறிப் போகுமா? எண்ணெயை எடு."

முத்தழகு கிட்டே உட்கார்ந்தாள். குலதெய்வத்தின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவள் மனசில் ஒரு கள்ளமும் இல்லை. "அயித்தை, மிதிக்கக் கூடாது. வீங்கியிருக்குல்ல? உள்ள உடைஞ்சுங்கூட இருக்கலாம். ஈரத்துணி போட்டுக் கட்டுப் போடுறேன். காலைத் தூக்கி வச்சுப் படுங்க. காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி படம் எடுத்துப் பாத்துருவோம். நீங்க எந்திரிக்கவே வேண்டாம், நான் பாத்துக்கிறேன்."

ஒச்சம்மாள் படுத்தபடியே கையை ஓங்கினாள். எட்டவில்லை.

"பழி தீக்கிறியாடி? நான் வலியில சாகணும்னு பாக்கிற! அன்னைக்குக் கும்மி போடச் சொன்னேன்னு நெஞ்சுல வச்சிருந்து இன்னைக்கு மிதிக்க மாட்டேங்கிற. கேட்டியாடா மலையாண்டி, உன் பொண்டாட்டி லட்சணத்தை! நொண்டிக்கு வந்த திமிரப் பாரு!"

சத்தத்தில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. பொன்னுத்தாயி வந்து எட்டிப் பார்த்தாள். "பெரியவுக கேக்குறாகள்ல, மிதிச்சு விடேன்" என்றாள். நாலு பேரும் அதையே சொன்னார்கள். முத்தழகு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியும். அன்னைக்கே சொன்னேன். நீங்க வேணாம்னா நான் மிதிக்கலை. சொல்லுங்க."

எல்லோரும் மலையாண்டியைப் பார்த்தார்கள். அவன் தாயைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான். "மிதிச்சு விட்டுரு புள்ள. ஆத்தா மனசு ஆறட்டும்" என்றான்.

உண்மையை அவள் ஒரு முறை சொல்லியாயிற்று. இரண்டாம் முறை சொல்ல அவள் என்ன யாருக்காவது கடன்பட்டிருக்கிறாளா?

"இன்னைக்குப் பேசிப்பிட்டேன். நாளைக் காலையில மிதிக்கிறேன்" என்று எழுந்து போனாள்.

மறுநாள் விடிந்ததும், வெறும் வயிற்றோடு, ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். வீக்கம் முழங்கால் வரை ஏறியிருந்தது. விளக்கெண்ணெய் தொட்டாள். கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலது பாதத்தால் மேலிருந்து கீழாக நீவினாள். ஒச்சம்மாள் வீடு அதிரக் கத்தினாள். பொன்னுத்தாயியும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். "எறங்குது, எறங்குது, பொறுத்துக்கங்க" என்றார்கள். மலையாண்டி வாசலுக்குப் போய்விட்டான்.

கடைசி அழுத்துக்கு அவ்வளவு பலம் தேவையில்லை. யாருக்கும் தேவைப்பட்டதில்லை. முத்தழகு இடது காலைத் தரையிலிருந்து எடுத்தாள். உடம்பு மொத்தத்தையும் அந்த வலது பாதத்தில் இறக்கி, நின்றாள். அவள் கணுக்காலும் உயிர் போக வலித்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கீழே எலும்பு உராய்வது பாதத்துக்கே தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை. ஒச்சம்மாளுக்குக் குரல் நின்று மூச்சு மட்டும் வந்தபோதுதான் இறங்கினாள்.

பிறகு சேலைத் தலைப்பால் மாமியாரின் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டாள். காலில் வழிந்த எண்ணெயையும் மெதுவாகத் துடைத்தாள்.

"இன்னும் ரெண்டு காலை இருக்கு அயித்தை. நடுவுல விட்டாப் பலிக்காது. நாளைக்கும் வெறும் வயித்தோட இருங்க" என்றாள்.

ஒச்சம்மாள் மருமகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தாரை தாரையாக நீர்.

"சரி தாயி. நீ வந்து மிதி ஆத்தா" என்றாள்.